உப்புக்குப் பிறகுதான் சோடா

திருப்பதியில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் நான் வேதியியல் லெக்சரர். எங்கள் ஊர் நகரியிலிருந்து தினமும் பஸ். சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் படத்தை எத்தனை தடவை போர்டில் வரைந்திருப்பேனோ, எனக்கே அலுத்துவிட்டது. அந்தப் பாடத்தை ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் என் வகுப்பில் உட்காராதவன், என் தம்பி.

அவனுக்கு வீட்டோடு இரண்டு பவர்லூம். நூலுக்குச் சாயம் போட வெளியே கொடுத்து வாங்கியதில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாயத்தையும் வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் தறியை விற்றுவிட்டு ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். அவன் போய்விடக் கூடாதே என்று அம்மாவுக்கு இருந்த தவிப்பு எனக்கும் இருந்தது.

"சாயத்த உப்புதான புடிச்சி வெக்கிது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான்.

இல்லை என்றேன். உப்பில் சோடியம் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். அந்த இழுப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது அயனிப் பிணைப்பு. தண்ணீரில் போட்டால் இரண்டும் பிரிந்து தன் பாட்டுக்குத் திரியும். திரிகிறவை சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான். நூல் சாயத்தைக் குடித்து முடித்த பிறகு சலவைச் சோடா போடவேண்டும். அப்போதுதான் சாயமும் நூலும் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளும். அது சகப்பிணைப்பு. துவைத்தாலும் போகாது.

"அப்போ உப்பு தரகரு. சோடாதான் தாலி எடுத்துக் குடுக்கிற ஐயரு," என்றான். என் மாணவர்கள் யாரும் பரீட்சையில் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. சின்னச் சட்டியில் போட்டுப் பார்த்த நூலில் சாயம் கெட்டியாக நின்றது. அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

முதல் பெரிய அண்டாவை ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றினார்கள். எனக்கு அன்று பரீட்சை ஹாலில் வேலை. செல்போனை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வீட்டில் விறகு ஈரமாக இருந்ததால் தண்ணீர் சூடாக நேரமாகிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம். புதுத் தொழிலில் எந்தச் சாயச் சரக்கும் ராகுகாலத்தில் அண்டாவில் விழக் கூடாது என்று அம்மா கற்பூரத் தட்டோடு நின்றுவிட்டாள். நூல் சாயத்தைக் குடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் சாயம், உப்பு, சோடா எல்லாம் பத்தரைக்குள் ஒன்றாக விழுந்தன. நூல் அதற்குப் பிறகுதான் முங்கியது.

சாயங்காலம் நான் வந்தபோது தம்பி நூலை அலசிக்கொண்டிருந்தான். எத்தனை தண்ணீர் மாற்றியும் சிவப்பாகவே போனது. அலசிய நூல் திட்டுத் திட்டாக ரோஸ் நிறத்தில் கொடியில் தொங்கியது.

"இன்னொருக்கா சோடா போட்டா புடிச்சிக்குமாக்கா?"

சோடாவை முதலிலேயே போட்டால் சாயம் நூலுக்காகக் காத்திருக்காது, தண்ணீரோடேயே சேர்ந்துவிடும். அதுவும் சகப்பிணைப்புதான், லேசில் விடாது.

"அது தண்ணியோட சேர்ந்துட்ச்சிடா. இனிமே நூலாண்ட வராது."

தலையை ஆட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்தான்.

மறுபடி நூல் வாங்க அவனுக்குத் தெம்பு இல்லை. தறியை விற்றான். வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். இன்னொரு தடவை விளக்கிச் சொல்லியிருந்தால் அவன் இங்கேயே இருந்திருப்பானோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னது புரியவில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"எல்லாம் புரிஞ்சிதுக்கா. சோடாவ கையில வெச்சிகினுதான் நின்னேன். அம்மா தட்ட ஏந்திகினு என் மூஞ்சியவே பாத்துகினு நிக்கிது. நான் இன்னான்னு சொல்றது?" பஸ் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டான். "அம்மாவாண்ட இத சொல்லாதக்கா."

சொல்லவில்லை. அவன் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கடைசிக் கை சோடா ராகுகாலத்தில் விழுந்திருக்கும், எல்லாம் அதனால்தான் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் காலண்டரைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தபா நான் நேரத்த இன்னும் கெட்டியா பாத்து வெக்கிறேன். அவன வரச் சொல்லேன்."

சரிம்மா என்றேன்.