உயிரில்லாத பொதிகள்

மயிலிட்டியில் செல்வரட்ணம் போட்ட கச்சான், அதாவது நிலக்கடலை, இருபதாம் நாளே மஞ்சளடித்துவிட்டது. நரம்புகள் மட்டும் பச்சையாக, கொழுந்து முழுவதும் வெளுத்து நின்றது. அதன் படம் தேவகுமாரியின் கைப்பேசிக்கு வந்தது. விதையில் பூசச் சொல்லி பக்ரீரியாக் கிருமிப் பொதிகளைக் கொடுத்தவள் அவள்தான்.

தேவகுமாரி உரும்பிராய்க்காரி, நாற்பத்தாறு வயது. ஒரு விவசாய ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடம் கண்ணாடிக் குடுவைகள் கழுவினாள். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலை பழகினாள். கடைசியில் கிருமி வளர்க்கிற பொறுப்பும் அவள் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல் நிறைந்த கலட்டி மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை; சுண்ணாம்புதான் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு வேருக்கு விடுவதில்லை; இலை வெளுப்பது அதனால்தான். சில பக்ரீரியாக்கள் ஒரு பொருளைச் சுரந்து அந்த இரும்பைக் கரைத்தெடுத்து வேருக்குக் கொடுக்கும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கரித்தூளில் கலந்து, முதன்முதலாக வெளித்தோட்டம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள்.

செல்வரட்ணம் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

“வெள்ளிக்கிழமை உழவு மெசின் வருது பிள்ளை. புரட்டி விடப்போறன். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு ஆமி விட்டுக் கையிலை கிடைச்ச காணி. போன முறை இலைக்கு இரும்பு உப்பு அடிச்சன், ஒரு கிழமை பச்சை, பிறகு பழையபடி. உந்த மண்ணிலை ஒண்டும் வராது.”

“வெள்ளிக்கிழமை நான் வாற வரைக்கும் புரட்டாதேங்கோ அண்ணை.”

அன்று செவ்வாய். மயிலிட்டிக்குக் கொண்டுபோனதில் ஒரு பொதி மிஞ்சி அவளோடு திரும்பி வந்திருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகையையும், குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியேறாத பொதியிலிருந்து ஒரு சிட்டிகையையும் நீரில் கரைத்து, நீல நிறக் கூழ் ஊற்றிய இரண்டு தட்டுகளில் தடவி வைத்தாள். கிருமிக்கு உயிரிருந்தால் இரண்டு நாளில் செம்மஞ்சள் வளையம் கட்டும்.

வியாழன் காலை ஒரு தட்டில் வளையம் வளையமாக இருந்தது. மயிலிட்டி போய்வந்த பொதியின் தட்டு வெறும் நீலம்.

மயிலிட்டிக்குப் போகிற வழியில் தெல்லிப்பழையில் ஓட்டோவுக்குக் காற்றுப் போன மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. பொதிகள் இருந்த பெட்டியை வெயிலில் விட்டுவிட்டுக் கடை நிழலில் இரண்டு மணித்தியாலம் சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுகூடப் பொறுப்பதிகாரி கோபிசங்கரிடம் போய்ச் சொன்னாள். அவன் அவளைவிட வயதில் இளையவன்.

“இதை ஏன் அக்கா வெளியாலை சொல்லப்போறியள்? கலட்டி நிலம், சரிவரேல்லை எண்டு எழுதுவம். ஒருத்தரும் கேக்க மாட்டினம். உங்கடை ஒப்பந்தமும் மார்கழியோடை முடியுது.”

அவள் திரும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். உயிருள்ள பொதியிலிருந்து அன்றே கிருமியைப் புதிதாகத் திரவத்தில் வளர்த்தாள்.

வெள்ளி காலை ஐஸ் பெட்டியோடு தோட்டத்தில் இறங்கியபோது உழவு மெசின் ஏற்கனவே நான்கு வரிசையைப் புரட்டியிருந்தது. தேவகுமாரி ஓடிப்போய் அதற்கு முன்னால் நின்றாள். சாரதி இயந்திரத்தை நிறுத்தினான்.

“அண்ணை, உங்கடை மண்ணிலை பிழையில்லை. நான் தந்தது செத்த கிருமி. வெய்யிலிலை விட்டிட்டன்.”

செல்வரட்ணம் அவளையே பார்த்தார்.

“அப்ப என்ரை விதையும் மூண்டு கிழமைப் பாடும் வீணோ?”

“என்ரை பிழைதான்.”

“இப்ப கொண்டு வந்தது உயிரோடை இருக்கோ?”

“ஓம். ஆனால் பிடிக்கும் எண்டு சத்தியம் பண்ணேலாது.”

அவர் குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு சாரதியிடம் திரும்பி, “கிழக்குப் பக்கத்தை விடு, மற்றதைப் புரட்டு” என்றார்.

கிழக்கில் மிஞ்சிய பன்னிரண்டு வரிசைக்கும் தேவகுமாரியே குனிந்து வேரடியில் ஊற்றினாள். பிறகு வந்த ஒன்பது நாளும் கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் நேரிலேயே போனாள். பழைய இலைகள் மஞ்சளாகவே கிடந்தன. ஆனால் பத்து வரிசையில் புதுக் கொழுந்து கரும்பச்சையாக விரிந்திருந்தது. பாறையை ஒட்டிய இரண்டு வரிசையில் மாற்றமே இல்லை.

தன் பிழையையும் சேர்த்தே அறிக்கை எழுதினாள். கோபிசங்கர் முகம் பார்க்காமல் கையெழுத்திட்டான். மார்கழியில் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள்.

அடுத்த போகம் முழுக் காணிக்கும் அந்தக் கிருமியையே போடப்போவதாகச் செல்வரட்ணம் சொன்னார். தேவகுமாரி உடனே சம்மதிக்கவில்லை. பாறைக் கரையில் ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்த இரண்டு வரிசையிலிருந்தும் மண் அள்ளிக்கொண்டு போனாள்.