கன்னத்தில் இழுத்துப் பார்த்த மணிகள்

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. பிரெஞ்சுக்கார மதாம் நடத்திய தையல்கூடத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தோம். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த கொளஞ்சி, வாசலிலேயே நின்று சொன்னார்: "அஞ்சலாட்சி அக்கா போயிட்டாங்க. வேலையில ஒக்காந்தவங்க அப்டியே சாஞ்சிட்டாங்க."

அது 1984, ஆடி மாதம். அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது.

மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்தபோது மகள் சின்னப்பொண்ணுக்கு ஏழு வயது. அதன்பிறகுதான் அக்கா எங்கள் கூடத்துக்கு வந்தார். ஸ்வெட்டர் பின்னும்போது, எந்தக் கண்ணியில் குறைக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக ஊசியில் ஒரு சின்ன மணி வளையத்தை மாட்டுவோம். அவற்றை வீட்டிலிருந்தே செய்து தருவது அவர் வேலை. பித்தளைக் கம்பியைப் பென்சிலில் சுற்றி வளைத்து, மூன்று மணி கோத்து, முனையை உள்ளே மடக்குவார். பிறகு கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

"இங்க சொரண்டுச்சின்னா நூலயும் இழுக்கும் ஜெயம். அப்பறம் மதாம் என்னப் பின்னிடுவாங்க."

மீந்த மணிகளில் சங்கிலியும் தோடும் செய்து செல்வாம்பாள் கடைக்குக் கொடுப்பார். "கோத்தது யாருன்னு வாயத் தொறந்துடாதடி, கல்யாணத்துக்கு வாங்கறாங்க" என்பாள் செல்வாம்பாள். தாலியறுத்தவள் கோத்ததை மணப்பெண் கழுத்தில் யாரும் போடமாட்டார்கள். விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

முந்தின வருஷம்தான் சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம். தான் கோத்தது ஒன்று மகள் கழுத்தில் கிடக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. சிவப்பு மணியில் இரட்டைச் சரம் கோத்து, செல்வாம்பாளின் கல்யாணச் சீர் என்று அவளையே கொடுக்க வைத்தார். நலங்கன்று பெண்கள் அதைக் கைமாற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆதிலட்சுமி, ஓரமாக நின்றிருந்த அக்காவிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க சம்பந்தி" என்றார். வாங்கிய அக்கா, பழக்கத்தில் அதைக் கன்னத்தில் வைத்து இழுத்தார்.

"என்னக்கா, இதயும் மதாமுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன். கேட்டது நான்தான்.

ஆதிலட்சுமியின் முகம் மாறியது. "அப்ப இது நீங்க கோத்ததா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சரம் தட்டுக்குத் திரும்பியது. "ஏம்மா, ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்றாள் சின்னப்பொண்ணு. கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அவள் முத்தியால்பேட்டையில் இருந்த அம்மா வீட்டுக்கு வரவில்லை.

மறுவாரம் அக்கா என்னிடம் பேசியது, "பச்ச மணி தீந்துடுச்சி, மதாமாண்ட சொல்லு" என்பது மட்டும்.

அந்த வருஷம் ஆனியில், மகள் முழுகாமல் இருப்பது யாரோ சொல்லித் தெரிந்தது. அன்று அந்தச் சிவப்புச் சரத்தை என் எதிரிலேயே அறுத்தார்.

"புள்ளைக்கு ஒரு சட்ட பின்னு ஜெயம். நீ குடுத்தா வாங்கிப்பா. அடையாளத்துக்கு நான் வளையம் போட்டுத் தரேன். அது ஊசியிலதான இருக்கும்? சட்ட முடிஞ்சா கழண்டுடும். எங் கைபட்டது ஒண்ணும் புள்ள மேல இருக்காது."

ஆறு வளையம் கேட்டிருந்தேன்.

கொளஞ்சியிடம் செய்தி கேட்டதும் முதலியார்பேட்டையில் சின்னப்பொண்ணின் மாமியார் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். "மாசமா இருக்கறவள எப்டி சாவு வூட்டுக்கு அனுப்பறது?" என்றார் ஆதிலட்சுமி. உள்ளே சின்னப்பொண்ணு அழுவது தெருவரைக்கும் கேட்டது. அவளை விடவில்லை.

அக்கா வீட்டில், பாயோரம் மணித்தட்டு அப்படியே இருந்தது. ஐந்து வளையங்கள் முடிந்திருந்தன. ஆறாவதில் மூன்று சிவப்பு மணிகளும் கோத்திருந்தன. கம்பியின் முனை மட்டும் மடக்கப்படவில்லை.