திராட்சைக் கரடு

போன வாரம் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்காரர் பன்னீர் திராட்சை ஒன்றை ருசி பார்க்கக் கொடுத்தார். புளிப்பு காதுவரை ஏறியது. கூடவே எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ‘கரடு’ என்று சொல்லும் சிறு பாறைக் குன்றும் ஞாபகம் வந்தது. சர்க்கரை நோயாளிக்குத் திராட்சையைவிட ஞாபகம் பாதுகாப்பானது.

இந்தக் கந்தக பூமியில் திராட்சையா என்று சிரிக்காதீர்கள். யாரோ ஒரு மகராசன் கரட்டுச் சரிவில் படிப்படியாகக் கல் கட்டி, பந்தல் போட்டுக் கொடி ஏற்றியிருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வருவாய் ஆய்வாளராக நான் அங்கே மூச்சிரைக்க ஏறியபோது கல்தூண்களும் படிக்கற்களும்தான் மிச்சம். உச்சியிலிருந்து தூரத்தில் சிவகாசி தெரியும். நேர் கீழே ஒருபுறம் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறைகள், மறுபுறம் ஊர்.

கரட்டை விலைக்கு வாங்கியிருந்த கம்பெனி முதலாளி, அதை உடைத்து ஜல்லியாக்க அனுமதி கேட்டிருந்தார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று நான் எழுத வேண்டும்.

“ஓணானும் முள்ளும் கெடக்குற எடம் சார். இதுக்குப் போயி எம்புட்டு நாளு ரிப்போர்ட் எழுதுவீக?” என்றார் முதலாளி.

“மூட்டுவலி அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ஒரு படிதான் ஏற முடியுது.”

அவரிடமே வேலை பார்த்த மாரியம்மா மட்டும் ஊர் எல்லையில் என் பைக்கை மறித்தாள். “நடுவுல கரடு நிக்கப் போயித்தான் நாங்க ராத்திரி கண்ண மூடுதோம். அதையும் பேத்துட்டா, அங்கன வெடிச்சா எங்க அடுப்பங்கரைக்குல்லா வரும்? எழுதுறத பாத்து எழுதுங்க!”

அதட்டல்தான். ஆனால் சரியான அதட்டல். பழைய கோப்புகளைத் தோண்டினேன். பட்டாசு உரிமம் கேட்டபோது முதலாளி தன் கைப்படவே எழுதியிருந்தார்: ‘ஊருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே கரடு இயற்கை அரணாக நிற்பதால் ஆபத்தில்லை.’ அதை நகலெடுத்து அறிக்கையோடு சேர்த்தேன்.

“அது அப்ப எழுதுனது சார்!” என்று கத்தினார்.

“கரடு இப்பவும் அதே எடத்துலதான இருக்கு அண்ணாச்சி?”

பத்தே நாளில் எனக்கு அச்சங்குளம் பக்கம் மாற்றல். போகுமுன் கோப்புக்குப் பக்க எண் போட்டு, கடைசித் தாளில் மொத்தப் பக்கங்களை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு தாளை உருவினாலும் காட்டிக் கொடுக்கும். எனக்குப் பின் வந்த எவருக்கும் அதை உருவிவிட்டு அனுமதி கொடுக்கும் துணிச்சல் வரவில்லை.

கரடு நிற்கிறது. கல்தூண்களையும் படிக்கற்களையும்தான் காணோம். ஊரார் ஒவ்வொன்றாகப் பெயர்த்து வீட்டு அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். மாரியம்மா வீட்டு வாசலிலும் ஒரு கல் கிடக்கிறது. அனுமதியில்லாமல் எடுத்தது குற்றம். எந்தப் பிரிவு என்பதும் எனக்குத் தெரியும். யாராவது புகார் எழுதட்டும். விசாரணைக்கு வருகிறவருக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்தே பதில் சொல்கிறேன்.