சப்பாத்தைக் கழற்ற மறுத்த மாப்பிள்ளை

கல்யாண மண்டப வாசலில் காரை விட்டு இறங்கிய மாப்பிள்ளை, காலைக் கழுவ விடமாட்டேன் என்று நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? ஐயரை அல்ல. பெற்ற தகப்பனை அல்ல. உடுப்புக் கடைக்காரனைத்தான் கூப்பிடுவார்கள். "ராசன் அண்ணை, ஓடி வாங்கோ!"

புலம்பெயர்ந்து வந்து, டூட்டிங்கில் ஆண்களுக்கான கல்யாண உடுப்புக் கடை வைத்து, மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டிக் கட்டியே என் தலை நரைத்துவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் துணி எங்கே எடுப்பது, இந்த வருடம் எந்த நிறம் ஓடும் என்பதுதான். அதை யாரிடமும் கேட்கலாம். நான் சொல்லப்போவது நிரோஷனின் கல்யாணத்தில் நான் பட்ட பாட்டை.

1. போனோடு வந்தவன்

முன்பு மாப்பிள்ளைமார் தாயோடு கடைக்கு வருவார்கள். தாய் நிறம் சொல்வா, மகன் தலையாட்டுவான், வேலை முடிந்துவிடும். இப்போது போனோடு வருகிறார்கள். எந்த நடிகர் எந்த விழாவுக்கு எந்தக் கோட்டுப் போட்டார், எந்தப் பந்து விளையாட்டுக்காரர் எந்த மணிக்கூடு கட்டினார், எல்லாம் அதற்குள் இருக்கிறது. எடுத்துக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். என் கடையில் இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு என்று சில நாள் எனக்கே விளங்குவதில்லை.

நிரோஷன் நல்ல பிள்ளை, ஐடி வேலை, மரியாதை தெரிந்தவன். ஆனால் ஆண்களுக்கென்று ஒன்லைனில் விற்கிற சாமான் ஒன்றையும் விடமாட்டான். கார்ட் மட்டும் வைக்கிற மெல்லிய பர்ஸ், சேர்ட் வெளியே வராமல் தொடையோடு இழுத்துப் பிடிக்கிற ரப்பர் பட்டி, தாடியை நேராக வெட்ட ஒரு பிளாஸ்டிக் அச்சு. ஒவ்வொன்றையும் எனக்கு விளக்கினான். நான் கேட்கவே இல்லை.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இந்தப் பலகையில ஏறி நில்லுங்கோ" என்றேன்.

"வேண்டாம் அங்கிள், இதோடயே அளவெடுங்கோ. கல்யாணத்துக்கும் இந்த ஸ்னீக்கர்ஸ்தான்."

"பட்டு வேட்டிக்கு ஸ்னீக்கர்ஸோ?"

"அதுதான் லுக் அங்கிள்."

"மணவறையில வெறுங்காலோட இருக்கவேணும். தெரியுமோ?"

"அது கொஞ்ச நேரம்தானே. மேனேஜ் பண்ணலாம்."

கணுக்காலுக்கு மேலே ஏறுகிற வெள்ளைச் சப்பாத்து. நாடாவை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். அன்று சனிக்கிழமை, கடை நிறையச் சனம். இவனோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. சப்பாத்தோடேயே அளந்தேன். பட்டு வேட்டி இப்போது தைத்தே வருகிறது, இடுப்பில் வெல்க்ரோவை ஒட்டினால் சரி. கரை சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்றான். அப்படியே தைத்தேன். பின்னேர ரிசெப்ஷனுக்கான சூட்டின் காற்சட்டையும் அதே அளவுதான்.

2. செம்புத் தண்ணீர்

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவான். அதற்குப் பிறகுதான் உள்ளே போகலாம். நிரோஷனுக்குத் தோழன், பெண் மதுராவின் தம்பி ஆதவன். அவன் செம்போடு குந்தியிருக்கிறான், மாப்பிள்ளை காலைக் கொடுக்கிறான் இல்லை.

மேளக்காரர் வாசித்து வாசித்துக் களைத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஐயரின் குரல் மைக்கில் வருகிறது: "நல்ல நேரம் போகுது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!" பெண்ணின் தகப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. காலைக் கழுவ விடாமல் நிற்பது பெண் வீட்டாரின் முகத்தில் அடிப்பது மாதிரி.

"இவனுக்கு என்ன விசரோ அண்ணை? ஒருக்கா என்னெண்டு கேளுங்கோ" என்று, தலைப்பாகை கட்ட வந்திருந்த என்னிடம் நிரோஷனின் தாய் அழாத குறையாகச் சொன்னா.

கிட்டப் போனேன். நிரோஷன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வேர்வை.

"அங்கிள், சப்பாத்துக்குள்ள பாட் இருக்கு."

"என்ன பாட்?"

"உயரமாக் காட்டிற பாட். மூண்டு அங்குலம். மதுராவுக்குத் தெரியாது. அவவை முதல்முதல் சந்திச்ச நாளும் போட்டிருந்தனான். பிறகு விட ஏலாமப் போச்சு."

எனக்கு வாயில் நல்லாய் வந்தது. கல்யாண வீடாச்சே என்று அடக்கினேன்.

"அக்கினியைச் சுத்தி வரேக்க என்ன செய்யிற யோசினை?"

"அதை யோசிக்கேல்லை அங்கிள்."

யோசிக்கவில்லையாம்! தலைப்பாகைக் கல் பச்சையா சிவப்பா என்று மாதக்கணக்கில் எனக்கு மெசேஜ் அனுப்பியவன், எல்லாரும் பார்க்க வெறுங்காலோடு நிற்கவேண்டும் என்பதை யோசிக்கவில்லை!

"இஞ்ச பாருங்கோ தம்பி. இன்னும் கொஞ்சம் நிண்டால் மதுராவின்ர அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை போயிடுவார். உங்களுக்கு மூண்டு அங்குலம் வேணுமோ, மதுரா வேணுமோ? கெதியாச் சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினான். பாவமாகத்தான் இருந்தது. சனம் பார்க்காமல் நான் அவனுடைய சால்வையை விரித்துப் பிடித்தேன். ஆதவன் நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தை இழுக்க, ஆப்பு மாதிரி ஒரு கறுப்புத் துண்டு தொப்பென்று விழுந்தது. ஆதவன் அதை எடுத்தான். பெருவிரலால் அமத்திப் பார்த்தான். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தான். இவன் ஒரு சத்தம் போட்டால் முடிந்தது கதை.

"அத்தான்," என்றான் மெதுவாக, "இது நல்ல சொஃப்டா இருக்கு. நான் வேலைக்குப் போடுற சப்பாத்து கடிக்குது. லிங்க் அனுப்புங்கோ."

அட கடவுளே! மற்றச் சப்பாத்தையும் கழற்றி, பாட் இரண்டையும் பறித்து என் கோட்டுப் பைக்குள் போட்டேன். கால் கழுவியாயிற்று, மோதிரம் போட்டாயிற்று.

3. அக்கினியைச் சுற்றி

மணவறையில் இருக்கும்வரை உயரம் தெரியாது. வேட்டிதான் பிரச்சினை. சப்பாத்தோடு அளந்த வேட்டி இப்போது தரையைக் கூட்டியது. இதோடு அக்கினியைச் சுற்றினால் தடக்கி விழுவான். பெண் கூறைச் சேலை மாற்றப் போன இடைவெளியில் நான் மணவறைக்குப் பின்னால் ஊர்ந்து போய், அவனை எழுப்பி வெல்க்ரோவை உரித்தேன். 'சர்ர்ர்' என்ற சத்தம் ஐயரின் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. சனம் சிரித்தது. என் மானம் போனது. இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து ஊசி குத்திவிட்டேன்.

தாலி கட்டியாயிற்று. இருவரும் கைபிடித்து எழுந்தார்கள். மதுரா அவனைவிட நன்றாகவே உயரம். ஒருதரம் அவன் காலைப் பார்த்தா, ஒருதரம் தலைப்பாகையைப் பார்த்தா. பின்னால் வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"சப்பாத்துக்குள்ள என்ன வச்சிருந்தனீங்கள்?"

"சொறி மதுரா."

"நீங்கள் உயரம் குறைவாத் தெரியக்கூடாதெண்டு என்ர ஹீல்ஸ் எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளி வச்சிருக்கிறன். தட்டைச் செருப்போட அலையிறன். தெரியுமோ?"

அவன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான்.

"பின்னேரம் நான் ஹீல்ஸ் போடப்போறன்."

"போடும்" என்றான். கையை மட்டும் விடவில்லை. மதுராவுக்குக் கோபம்தான். ஆனால் அவவும் கையை விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

கலங்கிய கண்ணோடு சாப்பிடப் போகலாம் என்றால், ரிசெப்ஷன் காற்சட்டை ஞாபகம் வந்தது. அதுவும் சப்பாத்தோடு அளந்ததல்லவா! எல்லாரும் வடை பாயாசத்தோடு சாப்பிட, நான் உடுப்பு மாற்றும் அறையில் குந்தியிருந்து காற்சட்டை விளிம்பை மடித்துத் தைத்தேன். பின்னேரம் மதுரா ஹீல்ஸோடு வந்தா. பக்கத்தில் அவன் தட்டைச் சப்பாத்தோடு, அவவை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்கு வடை மிச்சமில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாப்பிள்ளை எந்த லுக் வேண்டுமானாலும் கேட்கட்டும். சப்பாத்தைக் கழற்றாதவனுக்கு அளவு நாடாவைக் கையில் எடுக்காதீர்கள்.

போன மாதம் ஆதவன் தன் கல்யாணத்துக்கு அளவு கொடுக்க வந்தான். நான் வாயைத் திறக்க முன்னமே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில் ஏறி நின்றான்.

"என்ன தம்பி, அத்தான் லிங்க் அனுப்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"அனுப்பினவர் அங்கிள். அதுக்குக் கீழ அக்காவும் ஒரு மெசேஜ் போட்டவ."

"என்னெண்டு?"

"'உன்ர கல்யாணத்திலயும் காலைக் கழுவுவினம், மறந்து போடாதை' எண்டு."