தறிக்குழிக்குள் என் மகள்

இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குக் காரைக்காலில் நெசவு கற்றுத்தரும் கூடத்தில் நான் உதவியாளர். ஒன்றரை வயது மகளையும் கூடவே அழைத்துப்போவேன். அன்று அவளை, அங்கே நெசவு பழகும் பெண்களில் ஒருவரான சிவமதி அக்காவிடம் தறியருகே விட்டுவிட்டு, பின்கட்டுக்கு நூல் எடுக்கப் போனேன். தெருவில் சாவு ஊர்வலம். வேட்டுகள் அடுத்தடுத்து வெடித்தன.

திரும்பி வந்தால் இருவரையும் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருவுக்கு ஓடிக் கத்தினேன்; பதில் இல்லை. மறுபடி உள்ளே வந்தபோதுதான், நெய்பவர் கால் தொங்கவிடும் குழிக்குள் ஏதோ அசைந்தது. அக்கா என் மகளை அணைத்தபடி, அவள் வாயை உள்ளங்கையால் இறுக மூடியிருந்தார். குழந்தையின் கண்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

“கையை எடுங்கக்கா! மூச்சு விடட்டும்!”

“கத்தாதேங்கோ. ஷெல் அடிக்கிறாங்கள். பிள்ளை அழுதா இடம் தெரிஞ்சிடும்.”

விரல்களைப் பிரித்து எடுத்தேன். மகள் வீறிட்டாள். “சாவு வேட்டுக்கா அது” என்றேன். அக்கா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சிறுமியாகப் பதுங்குகுழியில் கிடந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அன்று ஊர்வலத்தின் பறைச்சத்தம் கேட்டபோது, வேட்டு போடுவார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நூல் எடுக்கப் போய்விட்டேன்.

இப்போது தூரத்தில் பறைச்சத்தம் கேட்டதுமே மகளை இடுப்பில் தூக்கிக்கொள்கிறேன். பிறகு அக்காவிடம் போய், “வேட்டு போடப் போறாங்கக்கா” என்று சொல்லி, கடைசி வேட்டு வரை அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அது அவருக்காகவா, மகளுக்காகவா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.