புளிக்கூடையோடு வரச் சொன்னவர்

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது நர்ஸ் சொன்னார்: "வளையக்கடை ஜைபு அக்கா பூட்டாங்க. சாயங்காலம் அடக்கம்." இடஒதுக்கீட்டுப் போராட்டம், சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரவில்லை.

கச்சிராயபாளையம் கடையில் வளையல் வாங்கிய உங்களுக்கு அவரைத் தெரியும். மேலே மலையூர்களில் அவரை வேறு மாதிரித் தெரியும். கர்ப்பிணிக்கு வளையல் போடும்போதே கையைப் பிடித்துக்கொண்டு "தூக்கம் வருதாம்மா?" என்பார். பதிலுக்கு அழுதவர்களை எங்கள் மருத்துவரிடம் அழைத்து வருவார். நான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதகன்.

முந்தைய மறியலின்போது நாங்கள் இருவரும் மலையில் மாட்டிக்கொண்டோம். அங்கே அஞ்சலை, நிறைமாதம். கரும்பு வெட்டப் போன கணவனிடமிருந்து தகவலே இல்லை. "நான் இருந்து இன்னா ஆவப்போவுது" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். மாத்திரை கொடுத்த மருத்துவர், தனியே விடாதீர்கள் என்றிருந்தார். ஊர்ப் பெண்களோ ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "அழுவாதடி, புள்ளைக்கு ஆவாது." அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

அக்கா அவர்களிடம் திரும்பினார். "புத்தி சொல்றவங்க வூட்டுக்குப் போங்க. புளி வச்சிருக்கறவங்க கூடையோட வாங்க."

அஞ்சலையின் வாசலில் உட்கார்ந்து, எல்லாரும் புளியைக் கல்லால் தட்டிக் கொட்டை எடுத்தார்கள். எனக்கு எரிச்சல். "கதவ ஒடைக்காம இன்னாக்கா இது?"

"ஊசி குத்திட்டு ஓடறவன்தானே நீ! ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் இருக்கேன். கை சும்மாதான இருக்குது, குந்து. நீயும் தட்டு."

தட்டினேன். வெயில் சாய்ந்தபோது தாழ் திறந்தது. அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாதிப் புளி கொட்டையோட போவுது. யாரு இந்தாள குந்த வச்சது?"

"ஆஸ்பத்திரி மாப்ள!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு. அஞ்சலை என் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதை திறந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை முறைபோட்டு யாராவது அவளோடு இருந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

அக்கா கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தனியாகத்தான் இருந்தார். உயிர் போனதும் அங்கேதான். கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று விசாரித்தேன். மறியலால் தெருவே அடைத்துக் கிடந்ததாம். யாரும் இல்லை. அவருக்கு முறைபோட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறுதல் சொல்ல எனக்கு இன்றும் வராது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். நேற்று ஒரு கர்ப்பிணி ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வெளியே வரிசை சத்தம் போட்டது. நானும் எழுந்திருக்கவில்லை.