ஹெஸ்டர் கேட்டு வாங்கும் சொல்

தலையணை உறைக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பதைக் கண்ணால் பாராமலே நீவி, உறையோடு சேர்த்துக் கொடியில் போட்டு மரக் கிளிப்பை அழுத்துகிறாள் ஹெஸ்டர் க்ரிம்ஷா. திங்கட்கிழமை, துவைக்கும் நாள். பின்சந்தில் வீட்டுக்கு வீடு கொடி. ஓரத்தில் படுக்கை விரிப்புகள், நடுவில் உப்பிய தலையணை உறைகள். கவுனுக்கும் கால்சட்டைக்கும் அடியில் போடுகிற எது உறைக்குள் காய்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஆலைக்கரி படிந்த இந்த லங்காஷயர் ஊரில் அதைப் பேர் சொல்லி அழைக்கிறவர்கள் கிடையாது. இந்தக் கதையிலும் அந்தப் பேர் வராது.

ஆனாலும் எதையாவது சொல்லித்தானே சலவை மூட்டையை ஹெஸ்டரிடம் கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு ஒரு மறைசொல் உண்டு. ரொட்டிக்கடை வீட்டில் அது "சின்னதுகள்". பாதிரியார் வீட்டில் "சொல்லக்கூடாதவை". பள்ளிக்கூட வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு "இத்யாதிகள்" என்பார். கசாப்புக்காரர் மனைவி நெல்லி எல்லாரையும் மிஞ்சியவள். அவளுக்கு அது "கிசுகிசுக்கவும் கூடாதது".

"அதான் இப்பக் கிசுகிசுத்துட்டியே!" என்பாள் ஹெஸ்டர்.

"ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்டி" என்று நெல்லி முறைப்பாள்.

தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் ஹெஸ்டர் விடமாட்டாள். பேர் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல அதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வாள். வம்புக்கு அல்ல. தெருவில் யாராவது கண்ணை மூடினால் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவளும் அவள்தான். கண்ணாடியைத் துணியால் மூடுவாள். கண்ணிமைகளின் மேல் பென்னிக் காசு வைப்பாள். வெந்நீர் ஆறுவதற்குள் பிணத்தின் காதருகே குனிந்து அனுமதி கேட்பாள்: "ஐயா, இத்யாதிகளை மாத்தப்போறேன். கோவிச்சுக்காதீங்க."

அவரவர் சொல்லில்தான் கேட்க வேண்டுமாம். "சொல்லாமக் கொள்ளாமத் தொட்டா வெக்கம் பிடுங்கித் தின்னுடும். வெக்கப்பட்டவங்க வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாங்க." அப்படிக் கிளம்பாமல் இருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டால், வாய்க்கால் பக்கத்துப் பூட்டிய வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன மாதம் மிஸ் பென்டில்பரி இறந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், கல்யாணம் ஆகாதவர். தன் துணியை யாரிடமும் கொடுக்காமல் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு உலர்த்திக்கொண்டவர். அவருடைய சொல் என்னவென்று ஹெஸ்டருக்குத் தெரியாது. தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

மான்செஸ்டரிலிருந்து அண்ணன் மகள் வினிஃப்ரெட் வந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிற, அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண். கட்டிலில் அத்தையின் வலது கை இரவுச் சட்டையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. ஹெஸ்டர் இழுத்துப் பார்த்தாள். விரல் அசையவில்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த தச்சர் டாட்டர்சாலும் எட்டிப் பார்த்தார்.

"சாயங்காலம் பெட்டி வந்துரும். அதுக்குள்ள விடலேன்னா விரலை ஒடிக்க வேண்டியதுதான்."

"வேணாங்க! அந்த விரலையா?" வினிஃப்ரெட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஆர்கன் கட்டைகளைத் தொட்டுக் காட்டிய விரல்கள் அவை.

டாட்டர்சால் போனதும் ஹெஸ்டர் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்தாள். "அம்மா, சின்னதுகளை மாத்தணும்." ஒன்றும் இல்லை. "சொல்லக்கூடாதவை?" பனிமூட்டம் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. "இத்யாதிகள்?" ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டை விளிம்பு இன்னும் கொஞ்சம் உள்ளங்கைக்குள் போனதுபோல் இருந்தது.

வினிஃப்ரெட் பொறுமை இழந்தாள். "என்ன கூத்து இது? வெறும் துணி, அதுக்குப் பேர் இல்லையா?" என்று கேட்டு, அந்தப் பேரைப் பட்டென்று சொல்லியும் விட்டாள்.

இடது கண்ணிலிருந்த பென்னி நழுவித் தரையில் விழுந்து வெகுநேரம் சுற்றியது. பாதி திறந்த கண் வினிஃப்ரெட்டையே பார்த்தது. பிடித்த கை விரல்முட்டிகள் வெளுக்க இறுகியதை இருவரும் பார்த்தார்கள்.

வினிஃப்ரெட் நாற்காலியில் சரிந்தாள். ஹெஸ்டர் காசை எடுத்து மறுபடி வைத்தாள். "நல்லா யோசிங்க கண்ணு. ஒரு தடவையாச்சும் உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க."

"சின்ன வயசுல மழையில நனைஞ்சு வருவேன். கவுனைக் கழட்டும்பாங்க. காலுறையைக் கழட்டும்பாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"சொல்ல மாட்டாங்க. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு ரெண்டு தடவை செருமுவாங்க. அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சிரும்."

ஹெஸ்டர் கட்டிலை விட்டு விலகினாள். "அதை நான் செஞ்சா எடுபடாது. நீங்கதான் செய்யணும்."

வினிஃப்ரெட் எழுந்து சுவரைப் பார்த்து நின்று இரண்டு முறை செருமினாள். பின்னால் துணி சரியும் ஓசை கேட்டது. திரும்பியபோது அத்தையின் கை விரிந்து விரிப்பின் மேல் கிடந்தது. விறைப்பு தானாக விடும் என்று டாக்டர் சொல்வார். டாக்டர் அந்த அறையில் இல்லை. மூன்றாவதாக ஒரு செருமல் கேட்டதா என்று இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பெட்டி வருவதற்குள் வேலை முடிந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசல்படியில் நின்று, ஹெஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "உங்களோடது என்ன கண்ணு? யாருகிட்டயாவது சொல்லி வைக்கணும்ல?"

வினிஃப்ரெட் உள்ளறைக் கட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, இரண்டு முறை செருமினாள்.